இன்னொரு ரவுட்டர் வேண்டாம், ஸ்விட்ச் போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆடிட்டர் அலுவலகம், இ-சேவை மையம் போன்ற சிறு இடங்களில் உள்ள ரவுட்டர்களில் கம்ப்யூட்டர்களை மாட்டும் லேன் (LAN) போர்ட்டுகள் பெரும்பாலும் நான்குதான். ஐந்தாவது கம்ப்யூட்டர் வந்ததும் பழைய ரவுட்டர் ஒன்றைக் கூடுதலாக மாட்டிவிடுகிறார்கள். அதன் லேன் போர்ட்டில் மாட்டினால் இரண்டு ரவுட்டர்களும் கம்ப்யூட்டர்களுக்கு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அடையாள எண்) கொடுக்கத் தொடங்கும். சில கம்ப்யூட்டர்களில் நெட் திடீரென நின்றுபோகும். இன்டர்நெட் உள்ளே வரும் வேன் (WAN) போர்ட்டில் மாட்டினாலோ, அந்த இரண்டாவது ரவுட்டர் பக்கத்துக் கம்ப்யூட்டர்களின் ஷேர் ஃபோல்டர்களை இந்தப் பக்கத்திலிருந்து திறக்க முடியாது.

இதற்குத் தேவை ஒரு கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) ஸ்விட்ச், அதாவது ரவுட்டரிலிருந்து வரும் ஒரு கேபிளைப் பல போர்ட்டுகளாக்கித் தரும் பெட்டி. சாதாரண ரகத்தில் செட்டிங்கே கிடையாது. 8 போர்ட் ஸ்விட்ச்சில் ஒன்று ரவுட்டருக்குப் போக 7 மிஞ்சும். ரவுட்டரில் மீதமுள்ள மூன்றையும் சேர்த்தால் 10. பிரிண்டர், கேமரா டிவிஆர் எல்லாம் உண்டென்றால் 16 போர்ட்டே வாங்கிவிடலாம்.

பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் கேபிள். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் தாமிரம் பூசிய அலுமினியக் கம்பி. வளைத்தால் எளிதில் ஒடியும், கேமராவுக்கு அதிலேயே மின்சாரமும் அனுப்பினால் சூடாகும். கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முழுத் தாமிர கேட் 6 கேபிளே வாங்க வேண்டும். ஒரு இணைப்பின் மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைப்பது தவறு, ஆபத்தும்கூட.

கனெக்டர் போடும்போது இரு முனையிலும் ஒரே நிற வரிசை வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. உள்ளே இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும் கம்பி ஜோடிகளின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். அதனால்தான் நீல, பழுப்பு ஜோடிகளில் ஒரு கம்பி சரியாகப் பிடிக்காவிட்டாலும் பெரும்பாலும் நெட் ஓடிக்கொண்டே இருக்கும், வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகிவிடும். ஃபால்ஸ் சீலிங்கை மூடும் முன்பே ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் லிங்க் ஸ்பீட் 1000 காட்டுகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

பெருக்கித் துடைக்கும்போது கழன்ற கேபிளின் இரு முனைகளையும் யாராவது ஒரே ஸ்விட்ச்சில் செருகிவிட்டால் அலுவலகம் முழுவதும் நெட் முடங்கும். விளக்குகள் எல்லாம் ஒன்றாகப் படபடவென மின்னும். அந்தக் கேபிளைப் பிடுங்கினாலே சரியாகிவிடும். ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் எண் ஒட்டி வைத்தால் தேட வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
நெட்வொர்க் டெக்னீஷியன், திருச்சி