அன்றைக்கு அவன் வந்திருந்தான்

தம்பி,

சாப்பிட்டாயா? ராத்திரி ரெக்கார்டிங் முடித்துவிட்டு ஐஸ் தண்ணீர் குடிக்கிற பழக்கத்தை விட்டாயா? போன் செய்தால் அடித்து அடித்து நின்றுவிடுகிறது, மெசேஜ் போட்டால் இரண்டு நீல டிக் விழுகிறது, அதோடு சரி. அதனால்தான் தாளில் எழுதித் தபாலில் போடுகிறேன். வாட்ஸ்அப்பில் என்றால் பாதி எழுதிவிட்டு அழித்துவிடுகிறேன், மூன்று தடவை அப்படி ஆகிவிட்டது.

அம்மாவுக்கு மூட்டு வலி பரவாயில்லை. பின்னால் இருக்கிற பேரி மரம் இந்த வருடம் கிளை ஒடிகிற அளவுக்குக் காய்த்துக் கிடக்கிறது, பறிக்க ஆள் இல்லை. சலேத் மாதா கோவில் திருவிழாவுக்கு நான்தான் மைக் செட் போட்டேன், அந்த மழையிலும் ஒரு பாக்ஸ்கூட இரையவில்லை. மேட்டு வீட்டு மதினி வந்திருந்தார்கள். உன்னைக் கேட்டார்கள். நன்றாக இருக்கிறான் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது, எனக்கே தெரியாதே.

உன் புதுப் பாட்டைக் கேட்டேன். ஸ்டோர் ரூமில் பழைய ஆம்ப்ளிஃபயரில் போனைச் சொருகி, கதவைச் சாத்திக்கொண்டு, ராத்திரி ஒரு மணி வரைக்கும் கேட்டேன். வார்த்தை ஒவ்வொன்றும் உன்னுடையது. பஜாரில் எல்லாரிடமும் போட்டுக் காட்டினேன், டீக்கடைக்காரர் காசு வாங்கவில்லை. ஆனால் இரண்டாவது சரணத்தில் உன் குரல் மேலே ஏறுகிறதே, அந்த இடத்தில் என் காது கீழே இன்னொரு குரலைத் தேடுகிறது. குறை சொல்லவில்லை தம்பி. பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான், மதினி மகனோட சேர்ந்து பாடி நல்லா போய்க்கிட்டிருந்ததை ஏன் உடைச்சான் என்று. நான் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. அமெரிக்காக்கார டீச்சர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன ரெக்கார்டுப் பெட்டியை எடுத்துவைத்துப் பதில் சொல்கிறேன். அமெரிக்கப் பாடகர் பால் சைமன் என்ன செய்தார்? 1970-ல் 'பிரிட்ஜ் ஓவர் ட்ரபிள்டு வாட்டர்' பாட்டு உலகம் முழுக்க ஓடுகிறது, அந்த உச்சத்தில்தானே கூடப் பாடிக்கொண்டிருந்த கார்ஃபங்கலை விட்டுத் தனியாகப் போனார். அவர்கள் ரெக்கார்டு கம்பெனியை நடத்திய கிளைவ் டேவிஸே வேண்டாம் என்றார், தனியாகப் போனால் இந்த அளவு வராது என்றார். சைமன் கேட்கவில்லை. ஜமைக்காவில் கிங்ஸ்டன் வரைக்கும் போய் அந்த ஊர் ஆட்களை வைத்து வாசித்து, 1972-ல் தன் பேரிலேயே ஆல்பம் கொண்டுவந்தார். 1975-ல் வந்த ஆல்பத்துக்கு கிராமி. எழுதத் தெரிந்தவன் எங்கே போனாலும் பிழைப்பான். எழுதுவதை மட்டும் விடாதே. தினமும் நாலு வரியாவது எழுது.

இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருக்கும். அப்புறம் ராத்திரி படுத்தால் கதையின் மறுபாதி வந்து நிற்கும். 1981-ல் இரண்டு பேரும் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சேர்ந்து பாடினார்கள், சுமார் 5 லட்சம் பேர் கூடினார்களாம். அந்தச் சூட்டோடு சேர்ந்து ஒரு ஆல்பமும் ஆரம்பித்தார்கள். பாதியில் சைமன் மனசு மாறி, கார்ஃபங்கல் பாடி வைத்திருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, 1983-ல் 'ஹார்ட்ஸ் அண்ட் போன்ஸ்' என்று தனியாக வெளியிட்டார். அது போகவில்லை. 42 வயதில் இவ்வளவுதான் இவர் என்று பேசுகிற நிலைமை. அப்புறம் யாரோ கொடுத்த ஒரு தென்னாப்பிரிக்கக் கேசட்டைக் காரில் திரும்பத் திரும்பக் கேட்டு, 1985-ல் ஜோஹன்னஸ்பர்க் போய், கலைஞர்கள் யாரும் அங்கே போகக்கூடாது என்று தடை இருந்ததால் திட்டும் வாங்கி, 1986-ல் 'கிரேஸ்லேண்ட்' ஆல்பத்தோடு எழுந்து வந்தார். உனக்கு இன்னும் 30 ஆகவில்லை. ஒரு பாட்டு ஓடவில்லை என்றால் போனை எடுக்காமல் உட்கார்ந்துகொள்வதா? அம்மா தினமும் ஆறு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்காருகிறாள். அதையாவது நினைக்க வேண்டாமா?

கோபத்தில் எழுதிவிட்டேன். தாளில் அழிக்க முடியாது, இருக்கட்டும்.

நான் சொல்ல வந்தது வேறு. அந்தப் பாலம் பாட்டை எழுதியவர் சைமன், பாடியவர் கார்ஃபங்கல். மேடையில் ஓரமாக இருந்து கைதட்டலைக் கேட்கும்போது, எழுதினது நானாச்சே என்று தோன்றும் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இதை உன்னிடம் முதலில் சொன்னது நான். பூம்பாறைத் திருவிழா முடிந்து ஜீப்பில் திரும்பும்போது. சனம் முழுக்க அவனைச் சுற்றி நின்று செல்ஃபி எடுத்தது, நீ வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாய், எனக்குப் பொறுக்கவில்லை. "எழுதுறவன் நீ, கைதட்டு அவனுக்கா?" என்று கேட்டேன். பின் சீட்டில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான், தூங்குகிறான் என்று நினைத்துத்தான் கேட்டேன். அப்சர்வேட்டரி வரும் வரைக்கும் நீ வாயே திறக்கவில்லை. அந்த மாதமே பிரிந்தீர்கள். நீயாக எடுத்த முடிவு என்று நீ நினைக்கிறாய்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை அம்மாவுக்கும் சொல்லவில்லை.

நீ சென்னைக்குப் போன பிறகு, ஒரு ராத்திரி நல்ல மழையில் அவன் வீட்டுக்கு வந்தான். அம்மா வத்தலக்குண்டில் சித்தி வீட்டில் இருந்தாள். பிளாஸ்டிக் பையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றான். "சித்தப்பா, அவன் என் போனை எடுக்க மாட்டேங்கிறான், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இதை மட்டும் கேட்கச் சொல்லுங்க" என்று ஒரு பென்டிரைவைக் கொடுத்தான். நம் வீட்டு அடுப்படியில் தட்டைத் தானே கழுவி வைத்துச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை. உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. ஒரு டம்ளர் காபி கொடுக்கவில்லை. "அவன் தனியாவே வந்துருவான், நீ உன் வழியைப் பாருப்பா" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினேன். சரிங்க சித்தப்பா என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறிப் போனான். உன்னிடம் நான் சொல்லவே இல்லை. பென்டிரைவை ஆம்ப்ளிஃபயர் பக்கத்து டிராயரில் போட்டேன்.

இப்போது சீசனுக்கு டாக்ஸி ஓட்டுகிறான். கிடாரைத் தொடுவதே இல்லை என்று மதினி திருவிழாவில் சொன்னார்கள். ஏன் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை.

நீங்கள் மறுபடியும் சேர வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அது உங்கள் விஷயம். நீ தனியாகவே பாடு, நன்றாகப் பாடுகிறாய். எழுதுவதை விடாதே. ஆனால் அவன் உன்னைத் தேடி வரவே இல்லை என்று நினைத்துக்கொண்டு நீ பாட வேண்டாம். வந்தான். நான்தான் மறைத்தேன்.

பென்டிரைவை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன், அட்டையோடு சேர்த்து டேப் சுற்றி ஒட்டியிருக்கிறேன், பிரிக்கும்போது பார்த்துப் பிரி. அதில் என்ன இருக்கிறது என்று நான் போட்டுப் பார்க்கவில்லை. அவன் பழைய நம்பர்தான் இன்னும் வைத்திருக்கிறான். எனக்கு நீ பிறகு போன் செய்தால் போதும்.

ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

அப்பா