பாலிஷ் போடும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆயுத பூஜை நெருங்குகிறது. "பூஜைக்கு முன்னால ஒரு பாலிஷ் போட்டுக் குடுத்துடுங்க" என்று எங்கள் கார் பாலிஷ் பட்டறைக்குப் போன் வர ஆரம்பித்துவிட்டது. போன தீபாவளிக்குத்தான் பாலிஷ் போட்ட வண்டிகளும் இதில் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இந்த முறை பாலிஷ் வேண்டாம் என்று சொல்லி, நன்றாகக் கழுவி மெழுகு மட்டும் பூசித் தரப் போகிறோம். கையில் வந்த வேலையை ஏன் வேண்டாம் என்கிறோம் என்பதை விளக்கத்தான் இந்த மடல்.

முதலில் அந்த வட்டக் கோடுகள். வண்டியை வெயிலில் நிறுத்தி பானெட்டைப் பாருங்கள். சூரியன் பளிச்சென்று விழுகிற இடத்தைச் சுற்றி மெல்லிய கோடுகள் வட்ட வட்டமாகத் தெரியும். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் வட்டமும் கூடவே நகரும். அதாவது, கீறல்கள் வட்டமாக இல்லை. குறுக்கும் நெடுக்குமாக எல்லாத் திசையிலும் பொடிக் கீறல்கள் கிடக்கின்றன. வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்புகிற கோணத்தில் இருப்பவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகிறது. கறுப்பு, அடர்நீலம், மெரூன் வண்டிகளில் இது கண்ணை உறுத்தும். வெள்ளையிலும் சில்வரிலும் இதே அளவு இருந்தாலும் அவ்வளவாகத் தெரியாது.

இந்தக் கீறல்கள் இருப்பது நிறத்தில் இல்லை. நிறத்துக்கு மேலே உள்ள, கண்ணாடி மாதிரி நிறமில்லாத மேல்பூச்சான கிளியர் கோட்டில். அதன் கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். நம் தலைமுடியின் கனம்கூட இல்லை. சேலத்து வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பாற்றுவது அதுதான். பாலிஷ் என்பது கீறலை நிரப்பும் வேலை இல்லை. கீறலின் அடி வரைக்கும் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்தும் வேலை. கத்தியைச் சாணை பிடிக்கிற மாதிரிதான்: பளபளப்பு வரும், இரும்பு குறையும். மெல்லிய பாலிஷில் ஓரிரு மைக்ரான் போகும், காம்பவுண்ட் என்கிற கரடான தேய்ப்புப் பசையில் அதைவிடக் கூடுதலாகவே போகும். போனது திரும்பி வராது. வருஷத்துக்கு இரண்டு தடவை தேய்த்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் கிளியர் கோட் வெளுத்து உரியத் தொடங்கும். அப்புறம் பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை.

அதனால்தான் மெஷினைக் கையில் எடுக்கும் முன் கதவு, பானெட் என ஒவ்வொரு பேனலிலும் கனமானி வைத்துப் பார்க்கிறோம். அது மொத்தப் பெயிண்டின் கனத்தைத்தான் காட்டும், கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது. ஆனாலும் மற்ற பேனல்களைவிட ஓரிடத்தில் மட்டும் குறைவாக இருந்தால், அங்கே யாரோ ஏற்கெனவே நிறையத் தேய்த்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். பல நூறு மைக்ரான் காட்டினால் அடியில் பட்டி (ஒடுக்கை நிரப்பும் பசை) இருக்கிறது. பிளாஸ்டிக் பம்பரில் இந்தக் கருவி வேலை செய்யாது. பம்பர் சூட்டையும் தாங்காது என்பதால் அங்கே மென்மையாகத்தான் போவோம்.

ஏற்காடு போய்வந்த வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே பஸ் வந்தால் ஓரம் கட்டத்தான் வேண்டும். அங்கே உன்னிச்செடியும் முள்ளும் கதவை நீளமாகக் கீறிவிடும். அப்படிப்பட்ட கோட்டை முதலில் தண்ணீர் தொட்டு நனைத்துப் பாருங்கள். நனைந்ததும் மறைந்தால் பெரும்பாலும் கிளியர் கோட்டோடு நின்றிருக்கிறது. பிறகு நகத்தைக் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். நகம் தட்டாவிட்டால் பாலிஷில் போகும். தட்டினால் முழுக்க எடுக்க நாங்கள் முயல மாட்டோம். ஓரங்களை மழுக்கி, கண்ணில் படாத அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்துவோம். உள்ளே வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் டச்-அப் பெயிண்ட்தான்.

சரி, இவ்வளவு கீறல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம் வீட்டு வாசலில்தான். காலையில் பையன் ஒரு மஞ்சள் துணியை எடுத்து, ராத்திரி படிந்த தூசியைக் காய்ந்தபடியே பரபரவென்று துடைக்கிறான். மாமாங்கம், கருப்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு வெள்ளைக்கல் சுரங்கத்துத் தூசி வேறு. தூசியோடு கலந்திருக்கும் மணல் துகள் கிளியர் கோட்டைவிடக் கடினமானது. துணி வழுக்க வழுக்க அது கோடு போட்டுக்கொண்டே போகும். ஏற்காட்டில் பனியில் நனைந்த தூசியைக் கையால் வழிப்பதும் இதேதான். பூஜை முடிந்ததும் பானெட்டில் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டுவதைப் பார்த்தால் எங்களுக்கு நெஞ்சு பதறும். நிறையத் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள், தானாக வழியும்.

தினமும் துடைக்காதீர்கள். தூசி படிந்திருப்பதால் பெயிண்டுக்குக் கெடுதல் இல்லை, அதைத் தேய்ப்பதில்தான் கெடுதல். வாரம் ஒரு தடவை, வெயில் ஏறும் முன், முதலில் பைப் தண்ணீரில் தூசியை இறக்கிவிட்டு, கார் ஷாம்பூவோடு மைக்ரோஃபைபர் கையுறையால் மேலிருந்து கீழே கழுவுங்கள். இரண்டு வாளி வையுங்கள்: ஒன்றில் ஷாம்பூ, இன்னொன்றில் கையுறையை அலச வெறும் தண்ணீர். சக்கரத்துக்குத் தனித் துணி. போர் தண்ணீர் என்றால் வெயிலில் காயவிடாமல் உடனே ஒற்றி எடுங்கள், இல்லையென்றால் உப்புக்கறை வட்டம் வட்டமாக ஒட்டிக்கொள்ளும். கீறலில் பற்பசை தேய்க்காதீர்கள்; அந்த இடம் மட்டும் மங்கிப்போகும். மண்ணெண்ணெய் துடைப்பும் வேண்டாம்.

விலை குறைந்த ரப்பிங் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதில் போடும், எண்ணெயும் மெழுகும் கலந்த பாலிஷ் கீறலுக்குள் அடைத்துக்கொண்டு, வண்டியை எடுக்கும் நாளில் கண்ணாடியாக மின்னும். நாலு தடவை கழுவினால் கோடுகள் பழையபடி எழுந்து நிற்கும். அதனால் நாங்கள் வேலை முடிந்ததும் மெழுகு பூசும் முன் ஸ்பிரிட்டால் துடைத்து, விளக்கைப் பிடித்து உங்களிடமே காட்டுகிறோம். அப்போது தெரிவதுதான் உண்மையான பளபளப்பு. வேலையைத் தொடங்கும்போதும் முதலில் கையகல இடத்தில் மெல்லிய பாலிஷைப் போட்டுப் பார்ப்போம். அதிலேயே போதுமான அளவு போய்விட்டால் காம்பவுண்டைத் தொடவே மாட்டோம். நூற்றில் பத்துக் கோடு மிச்சம் இருந்தால் இருக்கட்டும் என்பதுதான் எங்கள் கொள்கை. கிளியர் கோட் பல வருஷம் ஓட வேண்டும்.

செராமிக் கோட்டிங் போட நினைப்பவர்கள் கவனிக்க: அது கீறலை எடுக்காது. கீறலோடு பூசினால் கீறல் அடியில் அப்படியே இருக்கும். மேட் ஃபினிஷ் (பளபளப்பில்லாத பூச்சு) வண்டிகளுக்குப் பாலிஷே கூடாது.

பாலிஷுக்கு வருகிறவர்கள் வண்டியை அவசரமாகத் துடைத்துக்கொண்டு வர வேண்டாம். தூசியோடு அப்படியே கொண்டுவாருங்கள், கழுவுவது எங்கள் வேலை. எந்தப் பேனலுக்காவது முன்பு பெயிண்ட் அடித்திருந்தாலும், வேறு எங்காவது பாலிஷ் போட்டிருந்தாலும், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மதியத்துக்குள் கேட்டால் பாதி வேலைதான் முடியும். ஒரு முழு நாளாவது விட்டுவைக்க முடிகிற நாளாகப் பார்த்து வாருங்கள்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து,
சேலம்