பொதுப்பாதைப் பராமரிப்புச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இவ்வாண்டு நம் கூட்டங்களில் பெரும்பொழுதை எடுத்துக்கொண்டது, வீடுகளுக்கு வரும் பாதையில் பனியை அகற்ற டிராக்டரில் எந்தக் கருவியைப் பூட்டுவது என்ற கேள்விதான் என்பதால், அதையே விரிவாக எழுதுகிறேன்.

நம் பாதை 400 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்டது. அதன்மேல் 20 சென்டிமீட்டர் பனி விழுந்தால் 240 கன மீட்டர் ஆகிறது; புதுப்பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் 24 டன். இவ்வளவையும் அகற்றுவது ஒரு வேலை என்றால், அதை எங்கே கொண்டு போடுவது என்பது அதைவிடப் பெரிய வேலை.

சென்ற குளிர்காலம் முழுவதும் டிராக்டரின் பின்புற பிளேடையும் முன்புற லோடர் வாளியையும் நம்பியிருந்தோம். பிளேடு விரைவாக வேலை செய்யும். மெல்லிய பனிக்கு இன்றும் அதுவே சிறந்தது. ஆனால் அது பனியை ஓரத்துக்கு ஒதுக்குகிறதே தவிர அப்புறப்படுத்துவதில்லை. ஓரத்தில் குவிந்தது இரவில் இறுகிப் பாறையாகிவிட, அடுத்த பனிக்கு ஒதுக்க இடமின்றி, பருவத்தின் நடுவிலேயே பாதை ஒரு வண்டி நுழையும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. முதல் பனியிலேயே ஓரங்களை நன்றாகத் தள்ளி வைத்திருக்க வேண்டும். அதைச் செய்யத் தவறியது என் பொறுப்பு. வாளியோ ஒவ்வொரு முறையும் அள்ளிச் சுமந்து திரும்ப வேண்டியது. வாசலருகே உதவும், நீண்ட பாதைக்கு உதவாது.

ஆகவே, எஞ்சினின் சக்தியைக் கருவிக்குக் கடத்தும் பி.டி.ஓ. தண்டில் நிமிடத்துக்கு 540 சுழற்சியில் இயங்கும் பின்புற ஸ்னோ ப்ளோயரை வாங்கச் செயற்குழு முடிவு செய்தது. பனியைப் பல மீட்டர் தள்ளி வீசிவிடுவதால் ஓரத்தில் கரை எழும்பாது. பின்னோக்கி ஓட்டுவதால் கழுத்து வலிக்கும் என்பது உண்மையே. எனினும் முன்புறக் கருவிக்குத் தனி இணைப்பு அமைப்பு தேவைப்படும் என்பதால் அதை ஒத்திவைத்தோம். டயர்களின் வெளி அகலத்தைவிடக் கருவி அகலமாக இருக்க வேண்டும், இல்லையேல் சக்கரம் அகற்றாத பனிமீது ஏறும். நம் டிராக்டர் ஹைட்ரோஸ்டாட்டிக் வகை என்பது நல்வாய்ப்பு. எஞ்சின் வேகத்தைக் குறைக்காமலே மெதுவாக நகரலாம்.

முதல் ஓட்டத்திலேயே சரளைக்கல் ஒன்று உள்ளே போய், 'டக்' என்ற ஓசையுடன், பனியை உள்ளே இழுக்கும் திருகு உருளை நின்றுவிட்டது. விளக்கைப் பிடித்துக் குனிந்து பார்த்தபோது சுமை மிகுந்தால் முறியவென்றே வைத்த ஷியர் போல்ட் இரண்டாக முறிந்திருந்தது. உடையாத கடினமான போல்ட்டைப் போடலாம் என்று சிலர் கூறினர். அன்புடன் மறுக்கிறேன், கியர்பெட்டியைக் காப்பதற்காகவே அது உடைகிறது. இப்போது டிராக்டரின் பெட்டியில் ஆறு போல்ட்டுகள் எப்போதும் இருக்கும். தாங்குகால்களைச் சற்று இறக்கி, வெட்டுவிளிம்பைச் சரளைக்கு 3 சென்டிமீட்டர் மேலே நிறுத்தியபின் அந்தத் தொல்லை அரிதாகிவிட்டது. பனியை வெளியே வீசும் குழாயில் பனி அடைத்தால் எஞ்சினை நிறுத்தி, எல்லாம் சுழல்வது ஓய்ந்த பிறகு கட்டையால் மட்டுமே குத்தி எடுக்க வேண்டும். கையை விடவே கூடாது என்று ஓட்டுநர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

தரை உறையும் முன்பே பாதையின் இருபுறமும் 10 மீட்டருக்கு ஒன்றாக அடையாளக் குச்சிகள் நடப்படும். மதகின் வாயருகே மட்டும் இரண்டு நட வேண்டும். அங்கேதான் சென்ற முறை சக்கரம் இறங்கியது.