வின்ஸ் யங்கை என்எஃப்எல் கணக்குல அளக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க ஸ்போர்ட்ஸ் பக்கத்துல அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். தமிழ் பேப்பர்ல இதப் பத்தி எழுதறதே அபூர்வம், அதுக்கு முதல்ல நன்றி. ஆனா அதுல டெக்சாஸ் யுனிவர்சிட்டி குவார்ட்டர்பேக் வின்ஸ் யங்க ஒரே வரில, காலேஜ்ல நல்லா ஆடிட்டு அப்புறம் என்எஃப்எல்ங்கற புரொபஷனல் லீக்ல காணாம போனவர்னு சொல்லி முடிச்சுட்டீங்க. அந்த யுனிவர்சிட்டி இருக்கிற ஆஸ்டின்ல வாழற எங்களுக்கு அத படிச்சுட்டு சும்மா இருக்க முடியல. இங்க ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் கடைசில சீசன் தொடங்கும்போது இதே சண்டை திரும்ப ஆரம்பிக்கும், டெக்சாஸோட பெஸ்ட் குவார்ட்டர்பேக் வின்ஸ் யங்கா கோல்ட் மெக்காயான்னு ஆபீஸ் லஞ்ச் டேபிள்ல இருந்து பிள்ளைங்க பர்த்டே பார்ட்டி வரைக்கும் பேசுவாங்க, நம்ம தமிழ் ஆட்களும் இதுல நல்லாவே வாய் விடுவாங்க. நான் வின்ஸ் பக்கம், அத முதல்லயே சொல்லிடறேன்.

இந்த ஆட்டம் தெரியாத வாசகர்களுக்கு ஒரு ரெண்டு வரி. 4 தடவைக்குள்ள (ஒவ்வொரு தடவைக்கும் பேரு டவுன்) 10 யார்டு முன்னேறணும், முன்னேறினா இன்னொரு 4 தடவை கிடைக்கும், இல்லன்னா பந்து எதிர் டீமுக்கு போயிடும். எதிர் டீம் பக்கத்து கடைசில இருக்கிற எண்ட் ஸோனுக்குள்ள பந்த கொண்டு போனா அது டச்டவுன். ஒவ்வொரு தடவையும் பந்து முதல்ல குவார்ட்டர்பேக் கைக்குத்தான் வரும், எறியறதா, இன்னொருத்தர்கிட்ட குடுக்கறதா, தானே தூக்கிட்டு ஓடறதான்னு ஒண்ணு ரெண்டு செகண்ட்ல அவர்தான் முடிவு பண்ணணும். அதனாலதான் ஜெயிச்சா புகழும் தோத்தா திட்டும் முழுசா அவர் தலைல வந்து விழும். டெக்சாஸ் 1963, 1969, 1970ல நேஷனல் சாம்பியன் ஆனாங்க, அதுக்கப்புறம் 35 வருஷம் ஒண்ணும் இல்ல. ஸ்டேடியத்துக்கே பேரு வச்ச டாரல் ராயல் கோச்சா இருந்த காலத்து கதைய பெரியவங்க சொல்ல, கேட்டுக்கிட்டே ஒரு தலைமுறை வளந்துடுச்சு. அப்படி ஏங்கிக் கிடந்த ஊருக்குத்தான் ஹூஸ்டன் மேடிசன் ஹைஸ்கூல்ல இருந்து வின்ஸ் வந்தார்.

2006 ஜனவரி 4, கலிஃபோர்னியா பாசடேனா, ரோஸ் பவுல் ஸ்டேடியம், நேஷனல் சாம்பியன்ஷிப் மேட்ச். எதிர்ல யுஎஸ்சி (சதர்ன் கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி), வரிசையா 34 மேட்ச் ஜெயிச்சுட்டு வந்த டீம், அதுல வருஷத்தோட பெஸ்ட் காலேஜ் ஆட்டக்காரருக்கு குடுக்கற ஹைஸ்மன் டிராஃபி வாங்குனவங்க ரெண்டு பேர், 2004ல வாங்குன மேட் லைனார்ட், 2005ல வாங்குன ரெஜி புஷ். அந்த 2005 ஹைஸ்மன்ல ரெண்டாவது வந்தவர்தான் வின்ஸ். மைதானமும் அவங்க வீட்டு வாசல்ல இருக்கிற மாதிரிதான், லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து பக்கத்துல. மேட்சுக்கு முன்னாடி டிவில யுஎஸ்சி தான் காலேஜ் ஃபுட்பால் சரித்திரத்துலயே பெரிய டீமான்னு டிஸ்கஷன் போயிட்டு இருந்துச்சு, டெக்சாஸும் 19 மேட்ச் வரிசையா ஜெயிச்சுட்டுத்தான் வந்திருக்காங்கங்கறத பேசறதுக்கு ஆள் கம்மி.

கடைசில 6 நிமிஷம் 42 செகண்ட் பாக்கி இருக்கும்போது யுஎஸ்சி 38, டெக்சாஸ் 26. பன்னெண்டு பாயிண்ட் பின்னாடி. அங்க இருந்து வின்ஸ் டீம தூக்கிட்டு போய் 17 யார்டு தானே ஓடி டச்டவுன் போட்டார், 38க்கு 33. இப்ப யுஎஸ்சி கைல பந்து, அவங்க நேரத்த ஓட்டினாலே போதும், நாலாவது டவுன்ல ரெண்டு யார்டு வேணும், புஷ்ஷ வெளில நிறுத்திட்டு லென்டேல் ஒயிட்ட ஓட விட்டாங்க, டெக்சாஸ் டிஃபென்ஸ் மறிச்சு நிறுத்திடுச்சு, 2 நிமிஷம் 9 செகண்ட் பாக்கி. இந்த இடத்த வின்ஸ் ரசிகர்கள் பல பேர் மறந்துட்டு பேசுவாங்க, எனக்கு அது பிடிக்காது, அந்த நிறுத்தம் இல்லன்னா அவர் கைக்கு பந்தே வந்திருக்காது. மைக்கேல் ஹஃப் மாதிரி டிஃபென்ஸ் ஆட்களுக்கும் இதுல பங்கு உண்டு. அதுக்கப்புறம் 56 யார்டு போகணும். போய்க்கிட்டே இருந்து 8 யார்டு லைன்ல நாலாவது டவுன், அஞ்சு யார்டு வேணும், 26 செகண்ட். எறிய ஆள் தேடினார், யாரும் ஃப்ரீயா இல்ல, வலது பக்கம் இடம் தெரிஞ்சுது, ஓடினார், மூலைல எண்ட் ஸோனுக்குள்ள போயிட்டார், ஒரு கை கூட அவர் மேல படல. 19 செகண்ட் பாக்கி. டச்டவுனுக்கு அப்புறம் கிடைக்கற ரெண்டு பாயிண்ட் கன்வர்ஷனையும் அவரே ஓடி எடுத்தார், 41க்கு 38.

அந்த ஒரு மேட்ச்ல அவர் எறிஞ்சது 40ல 30 சரியா போய் 267 யார்டு, ஓடினது 200 யார்டு, மூணு டச்டவுன், இன்டர்செப்ஷன் (எறிஞ்ச பந்த எதிர் டீம் பிடிக்கறது) ஒண்ணு கூட இல்ல. மொத்தம் 467 யார்டு, அதுவும் சாம்பியன்ஷிப் மேட்ச்ல.

எதிர்ப்பக்கம் சொல்ற ஒரு குறையையும் நானே சொல்லிடறேன், ரெண்டாவது குவார்ட்டர்ல வின்ஸ் முட்டி தரைல பட்டதுக்கு அப்புறம்தான் பந்த டீம்மேட் செல்வின் யங் பக்கம் தள்ளினார், அது டச்டவுனா போச்சு, ரீப்ளே பாத்து நிறுத்தியிருக்கணும், பாக்கல. அது நிஜம். யுஎஸ்சி ஆட்கள் இன்னிக்கும் அத சொல்லி புலம்புவாங்க, புலம்ப உரிமை இருக்கு. ஆனா அதே மேட்ச்ல நல்லா ஓடிட்டு இருந்த ரெஜி புஷ் தேவையே இல்லாம பின்னாடி வந்தவனுக்கு பந்த தூக்கிப் போட்டு டெக்சாஸ்கிட்ட குடுத்ததும் நடந்துச்சு. அதனால ஒரே ஒரு பிளேய மட்டும் தனியா எடுத்து வச்சு கணக்கு பண்ண முடியாது, மொத்த மேட்சையும் சேத்துத்தான் பாக்கணும்.

ஒரு ராத்திரி புகழ்னு சொல்றவங்களுக்கு ரெண்டு மேட்ச் ஞாபகப்படுத்தறேன். 2005 ஜனவரி 1, அதே ரோஸ் பவுல், மிச்சிகன் டீம், வின்ஸ் 192 யார்டு ஓடி நாலு டச்டவுன், பந்த உதைச்சு எடுக்கற கடைசி ஃபீல்டு கோல்ல 38க்கு 37னு ஜெயிச்சாங்க. அடுத்து செப்டம்பர்ல ஒஹையோ ஸ்டேட் ஊருக்கே போய் கடைசி நேரத்துல லிமாஸ் ஸ்வீடுக்கு எறிஞ்ச பந்துல 25க்கு 22. அந்த 2005 சீசன்ல 3,000 யார்டுக்கு மேல எறிஞ்சு 1,000 யார்டுக்கு மேல ஓடினார், டாப் டிவிஷன்ல ஒரே சீசன்ல அத செஞ்ச முதல் ஆள் இவர்தான். காலேஜ்ல குவார்ட்டர்பேக்கா ஆரம்பிச்ச மேட்ச்ல 30 வெற்றி, 2 தோல்வி. எறியற ஸ்டைல் சரியில்ல, பந்த பிடிக்கற ரிசீவரா மாத்துங்கன்னு 2004ல கத்துனவங்களுக்கு இதுக்கு மேல என்ன பதில் சொல்லணும்.

இனி கோல்ட் மெக்காய். அவர குறைச்சு பேசினா நான் ஒத்துக்க மாட்டேன், நியாயமா சொன்னா கணக்குல அவர்தான் பெரியவர். டஸ்கோலாங்கற சின்ன ஊர்க்காரர், வின்ஸ் போன அடுத்த வருஷமே அந்த எடத்துல நிக்கணும், எப்பேர்ப்பட்ட சுமை பாருங்க. நாலு வருஷம் நின்னு 45 மேட்ச் ஜெயிச்சுக் குடுத்தார், அந்த நேரத்துல அது தேசிய ரெக்கார்டு, அப்புறம் பாய்ஸி ஸ்டேட் கெல்லன் மூர் 50 ஜெயிச்சு அத தாண்டினார். 2008ல எறிஞ்சதுல நூத்துக்கு 76க்கு மேல சரியா போய் சேந்துச்சு, அப்படி எறிய வின்ஸால முடியாதுன்னு வின்ஸ் ரசிகனான நானே சொல்றேன். 2008ல ஓக்லஹோமாவ 45க்கு 35னு அடிச்சும், மூணு டீம் சமமா நின்னதுல ரேங்கிங் பாத்து ஓக்லஹோமாவதான் கான்ஃபரன்ஸ்ங்கற டீம் குழுவோட ஃபைனலுக்கு அனுப்பினாங்க, அந்தக் கோபம் இங்க இன்னும் தீரல.

2010 ஜனவரி 7, அதே பாசடேனா, அலபாமாவோட சாம்பியன்ஷிப். ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே தோள்ல அடி, கைல உணர்ச்சியே இல்ல, பந்து எறிய முடியல. முதல் வருஷ பையன் காரட் கில்பர்ட்ட உள்ள அனுப்பினாங்க, அந்தப் பையனும் நாலாவது குவார்ட்டர்ல 24க்கு 21 வரைக்கும் கொண்டு வந்தான், கடைசில 37க்கு 21 தோல்வி. கோல்ட் பக்கத்து ஆட்கள் அவருக்கு அடிபடாம இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்னு சொல்றாங்க. இருக்கலாம். ஆனா நடக்காத மேட்ச அவர் கணக்குல வரவு வைக்க முடியாது, அதே மாதிரி அடிபட்டு வெளிய உக்காந்த மேட்ச அவர் கணக்குல கடனாவும் எழுதக்கூடாது. வின்ஸ் ரசிகர்கள்ல சில பேர் கோல்ட் பெரிய மேட்ச்ல தோத்தவர்னு ஈஸியா சொல்லிடறாங்க, அது அநியாயம். நான் வின்ஸ மேல வைக்கறதுக்கு காரணம் கோல்ட் தோத்தார்ங்கறது இல்ல, அன்னிக்கு யுஎஸ்சிய அப்படி ஒரு ஆள் அடிச்சத நாங்க பாத்துட்டோம்ங்கறதுதான்.

இப்ப உங்க கட்டுரை சொன்ன விஷயத்துக்கு வர்றேன். வின்ஸ் 2006ல என்எஃப்எல் போனார், காலேஜ் ஆட்டக்காரர்கள டீம்கள் வரிசையா எடுக்கற டிராஃப்ட்ல முதல் சான்ஸ் இருந்த ஹூஸ்டன் டெக்சன்ஸ் சொந்த ஊர் பையன விட்டுட்டு மாரியோ வில்லியம்ஸ எடுத்தாங்க, மூணாவதா டென்னஸி டைட்டன்ஸ் வின்ஸ எடுத்தாங்க. அந்த டிசம்பர்லயே ஹூஸ்டனுக்கு வந்து ஓவர்டைம்ல 39 யார்டு ஓடி டெக்சன்ஸ 26க்கு 20னு தோக்கடிச்சார், அந்த வருஷத்தோட பெஸ்ட் புது அஃபென்ஸ் ஆட்டக்காரர் அவார்டும் அவருக்குத்தான். என்எஃப்எல்ல ஆரம்பிச்ச மேட்ச்ல மொத்தம் 31 வெற்றி 19 தோல்வி, இதையா காணாம போனதுன்னு சொல்றீங்க? காயம், கோச்சோட சண்டை, மனசு சரியில்லாத நாட்கள் எல்லாம் வந்துச்சு, சீக்கிரமே முடிஞ்சுது, அதயும் மறைக்கல. கோல்ட் என்எஃப்எல்ல பத்து வருஷத்துக்கு மேல இருந்தார், பெரும்பாலும் பேக்கப்பா. என்எஃப்எல்ல வச்சு அளந்தா ரெண்டு பேருமே சின்ன ஆளாயிடுவாங்க, அப்ப 1969ல ஆர்கன்சாவ 15க்கு 14னு ஜெயிச்சுக் குடுத்த, ஆரம்பிச்ச 20 மேட்ச்லயும் தோக்காத டெக்சாஸ் குவார்ட்டர்பேக் ஜேம்ஸ் ஸ்ட்ரீட்ட எங்க வைப்பீங்க, அவர் என்எஃப்எல் ஆடவே இல்லையே. பத்ரிநாத் முதல்தர கிரிக்கெட்ல 10,000 ரன்னுக்கு மேல அடிச்சிருக்கார், இந்தியாவுக்கு ஆடின டெஸ்ட் ரெண்டே ரெண்டுதான், அதுக்காக தமிழ்நாடு டீமுக்கு அவர் அடிச்ச ரன்ன யாராவது அழிச்சிடுவோமா.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு உண்மையிலேயே வலிக்கிற விஷயம். 2014ல வின்ஸ் திவால் மனு குடுத்தப்போ பல பேர் சிரிச்சாங்க, இன்னிக்கும் அவர் பேர எடுத்தா முதல்ல அந்தப் பணக் கதையத்தான் சொல்றாங்க. அவர் காலேஜ்ல ஆடின காலத்துல அந்தப் பசங்களுக்கு ஸ்காலர்ஷிப், சாப்பாடு, தங்க இடம், அவ்வளவுதான். 10ம் நம்பர் போட்ட ஆரஞ்சு சட்டை கடைகடையா வித்துச்சு, அதுல அவருக்கு ஒரு டாலர் வராது, வாங்குனா ரூல் படி குத்தம். எதிர்ல ஆடின ரெஜி புஷ் வெளில இருந்து பணம் வசதி வாங்குனார்னு 2010ல ஹைஸ்மன் டிராஃபியவே திருப்பிக் குடுக்க வேண்டி வந்துச்சு, 2024ல திரும்ப அவர்கிட்டயே குடுத்தாங்க. ஏன்னா 2021 ஜூலைக்கு அப்புறம் அதே காலேஜ் பசங்க தங்கள் பேர வச்சு விளம்பரத்துல சம்பாதிக்கலாம்னு ஆயிடுச்சு, 2025ல இருந்து காலேஜே நேரா பணம் குடுக்கலாம். புஷ்ஷோட டிராஃபி வின்ஸுக்கு போயிருக்கணும்னு இங்க சில பேர் கேட்டாங்க, எனக்கு அது தேவையில்ல, ஹைஸ்மன் ஓட்டு ரோஸ் பவுல் மேட்சுக்கு முன்னாடியே போட்டு முடிஞ்சது, மேட்ச்ல என்ன நடந்துச்சுன்னு எல்லாரும் பாத்தாச்சு. ஆனா ஊருக்கே அவ்வளவு சந்தோஷத்த கைல காசு வாங்காம குடுத்த ஒருத்தர, பின்னாடி அவர் பணத்த எப்படி செலவு பண்ணார்னு வச்சு எடை போடறது எனக்கு மனசு ஒப்பல. படிப்ப பாதில விட்டுட்டு போனவர், திரும்ப வந்து 2013ல டெக்சாஸ்ல டிகிரி முடிச்சார், அத யாரும் எழுதறதில்ல, உங்க கட்டுரைலயும் இல்ல. 2019ல காலேஜ் ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம்லயும் சேத்தாச்சு.

இதே தப்பு இப்ப டெக்சாஸ்ல குவார்ட்டர்பேக்கா ஆடின குவின் யூவர்ஸுக்கும் நடக்குது. 2023, 2024னு ரெண்டு சீசன் வரிசையா டெக்சாஸ பிளேஆஃப் செமிஃபைனலுக்கு கொண்டு போனார், 2023ல அலபாமா ஊருக்கே போய் 34க்கு 24னு ஜெயிச்சார், ஆனா 2025 டிராஃப்ட்ல ஏழாவது ரவுண்டுலதான் எடுத்தாங்கன்னதும் பேச்சு மாறிடுச்சு, அவர் ஒண்ணும் பெருசில்லன்னு ஆயிடுச்சு. டிராஃப்ட்ல எந்த ரவுண்டுங்கறது என்எஃப்எல் டீம்கள் அவர் எதிர்காலத்த பத்தி போட்ட கணக்கு, அலபாமா ஊரான டஸ்கலூசால அன்னிக்கு ராத்திரி என்ன நடந்துச்சுங்கறத அது எப்படி மாத்தும்? பிரபல குவார்ட்டர்பேக் குடும்பத்துப் பேருக்காகவே எல்லாரும் பாத்துட்டு இருக்கிற டெக்சாஸ் குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங்குக்கும் நாளைக்கு இதே கதிதான் வரும்.

அதனால உங்ககிட்ட ஒரு வேண்டுகோள், அடுத்த தடவை காலேஜ் ஆட்டக்காரர்கள் பத்தி லிஸ்ட் போடும்போது காலேஜ்ல அவங்க செஞ்சத மட்டும் வச்சு போடுங்க, என்எஃப்எல்ல எப்படி ஆடினாங்கன்னு எழுதணும்னா அதுக்கு தனியா ஒரு கட்டுரை போடுங்க. வின்ஸ் யங் பத்தி அந்த ஒரு வரிக்கு பதிலா 30 வெற்றி 2 தோல்வி, 2005 நேஷனல் சாம்பியன், ரோஸ் பவுல்ல 467 யார்டுன்னு ஒரு திருத்தம் போட்டீங்கன்னா இங்க இருக்கிற வாசகர்கள் சார்பா ரொம்ப நன்றி. கோல்ட் மெக்காய் பத்தி தனியா ஒரு கட்டுரை வந்தா இன்னும் சந்தோஷம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஆஸ்டின், டெக்சாஸ்