கோவையில் ஒரு சின்னக் கடல்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்தது. புது வீட்டில் பால் காய்ச்சிய செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வர முடியாமல் போன வருத்தம் அவருக்கு இன்னும் போகவில்லை. முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, மாடிப்படி மட்டும்தான் சிரமம். தங்கச்சி அனுப்பிய தேன் மிட்டாய் வந்த அன்றே தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடு.

சரி, நீ கேட்ட விஷயம். பாப்பா பவளமும் கோமாளி மீனும் வேண்டும் என்கிறாள், கடையில் சொன்ன தொகையைக் கேட்டதும் ஆசையே விட்டுப்போனது என்று எழுதியிருந்தாய். விடாதே. குறைந்த செலவில் கடல் தொட்டி கட்டாயம் வைக்கலாம். பணம் போகவேண்டிய இடம் தண்ணீர். மற்றதில் பாதிக்கு மேல் நாம் அவசரப்படுவதால் ஆகிற செலவுதான். மூன்று மாதம் பொறுக்க உன்னால் முடியுமானால், அந்தக் கடைக்காரர் கொடுத்த பட்டியலில் பெரும்பகுதியை அடித்துவிடலாம்.

தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் இருக்கட்டும். அறுபது லிட்டருக்கு மேல் பிடிக்கும். இதைவிடச் சின்னது மலிவு என்று நினைக்கத் தோன்றும், ஆனால் தண்ணீர் குறையக் குறைய உப்பும் சூடும் சட்டென்று ஏறி இறங்கும். உன் ஊரிலேயே கண்ணாடி ஒட்டித் தருகிறவர்கள் இருப்பார்கள். இங்கே சென்னை கொளத்தூரில் தெருவுக்குத் தெரு அந்த வேலைதான்.

தண்ணீருக்கு முதலில் ஒரு டி.டி.எஸ். பேனா வாங்கு, தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும். உன் வீட்டுக்குச் சிறுவாணி வருகிறதா, போர் தண்ணீரா? சிறுவாணி என்றால் நீ கொடுத்துவைத்தவன், அதில் கரைந்த உப்பு குறைவு. இருந்தாலும் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், பழைய குழாயாக இருந்தால் செம்பும் வரலாம். செம்பு துளி இருந்தாலும் நத்தைக்கும் பவளத்துக்கும் எமன். அதனால் சமையலறை ஆர்.ஓ. தண்ணீரையே எடுத்துக்கொள். ஒன்று கவனி: நம் வீட்டு ஆர்.ஓ. பலவற்றில் ருசிக்காகக் கொஞ்சம் குழாய்த் தண்ணீரைத் திருப்பிக் கலந்துவிடும் திருகு ஒன்று இருக்கும். மெக்கானிக்கிடம் சொல்லி, அந்தக் கலப்புக்கு முன்பே ஒரு குழாய் பிரித்துக்கொள். அதன் பின்னால், மிச்சமிருக்கும் உப்பையும் பிடித்துக்கொள்கிற டி.ஐ. ரெசின் குடுவை ஒன்று மாட்டினால் பேனா பூஜ்யம் காட்டும்.

உப்பில் சிக்கனம் பார்க்காதே. பவளத் தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்புத்தூள்தான் வேண்டும். சமையல் கல் உப்பில் கால்சியமும் மக்னீசியமும் வேண்டிய அளவு கிடையாது. லிட்டருக்குச் சுமார் 36 முதல் 38 கிராம் போட்டால் கடலின் அளவான ஆயிரத்துக்கு 35 பங்குக்கு வரும். ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.025, 1.026 காட்ட வேண்டும்.

இனி கல். லைவ் ராக், அதாவது பாக்டீரியா குடியேறிய கடல் கல் என்று ஒரு விலை சொல்லியிருப்பார்களே, அதை வாங்கவே வாங்காதே. நம் பக்கம் அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் கடலிலிருந்து பெயர்த்த பவள எலும்பு. கல் பவளங்கள் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உயிரில்லாத துண்டை வைத்திருந்தாலும் குற்றம்தான். சட்டத்தை விடு, தனுஷ்கோடியில் இடிந்து நின்ற தேவாலயச் சுவரைத் தடவிப் பார்த்தோமே, சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகளாக? அத்தனையும் பவளக்கல். மன்னார் வளைகுடாவில் வீடு கட்டவும் சுண்ணாம்புக்கும் பல காலம் பவளம் வெட்டினார்கள். அதில் கரை அரித்துப்போய் இரண்டு தீவுகள் தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன, இப்போது மிஞ்சியது 21. போதாததற்கு 2016இல் கடல் சூடேறி அங்கே பவளம் வெளுத்தது. என் ஹாலுக்காக அங்கிருந்து ஒரு கல்கூட வரக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

கல்லை நாமே செய்யலாம், எனக்கு இதில்தான் தனி ஆசை. வெள்ளை சிமெண்ட் ஒரு பங்கு, உடைத்த கிளிஞ்சல் நான்கு பங்கு, கல் உப்பு இரண்டு பங்கு. சுவருக்குப் பூசும் புட்டி வேண்டாம், அதில் பாலிமர் கலந்திருக்கும். கோழித் தீவனத்தில் சேர்க்கிற கிளிஞ்சல் நாமக்கல் பக்கம் மூட்டையாகவே கிடைக்கும், நன்றாக அலசிக்கொள். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கொழுக்கட்டை மாவுப் பதத்துக்குப் பிசை. அகலமான தட்டில் ஈர மணலைக் குழித்து அதில் கொட்டி, விரலை விட்டுக் குகையும் பொந்தும் வை. கையுறை கட்டாயம், சிமெண்ட் தோலை அரிக்கும். இரண்டு மூன்று நாளில் இறுகிவிடும். பிறகு வாளித் தண்ணீரில் போட்டு வை. கல் உப்பு கரைந்து வெளியேற, உள்ளே நுண்ணிய துளைகள் மிஞ்சும். அந்தத் துளைகளில்தான் பாக்டீரியா குடியேறும். தொடக்கத்தில் தண்ணீரின் மேல் வெள்ளையாக ஆடை படியும், அது சிமெண்டிலிருந்து கசிகிற சுண்ணாம்பு. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றிக்கொண்டே இரு. இரண்டு மாதம்கூட ஆகலாம். புதுத் தண்ணீரில் சில நாள் கிடந்தும் பி.ஹெச். எட்டரையைத் தாண்டவில்லை என்றால் கல் தயார். பாப்பாவைக் கல்லுக்கு உருவம் சொல்லவிடு, சிமெண்டைத் தொடவிடாதே.

கல்லும் மணலும் உப்புத் தண்ணீரும் தொட்டிக்குள் போனதும் மீன் வாங்க ஓடாதே. ஓர் இறால் துண்டைப் போட்டு அழுகவிடு. முதலில் அம்மோனியா ஏறும், அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்க நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கலாம். இடையில் கண்ணாடியெல்லாம் பழுப்பாகப் பாசி படியும், பயப்படாதே, தானாகப் போகும். அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர் இவ்வளவு சின்னத் தொட்டிக்குத் தேவையில்லை. வாரம் ஒருமுறை ஆறேழு லிட்டர் மாற்றினால் போதும். தண்ணீரைச் சுழலவிடும் ஒரு வேவ்மேக்கர், நீலமும் வெள்ளையும் கலந்த எல்இடி விளக்கு, பின்னால் தொங்கும் ஃபில்டர், அவ்வளவுதான் சாமான். ஒரு ஏர் பம்பை மட்டும் இன்வெர்ட்டர் லைனில் போடு.

சூட்டில் நீ என்னைவிட வசதியானவன். 25 முதல் 27 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. சென்னை மே மாதத்தில் நான் படுகிற பாடு உனக்கு இருக்காது. தண்ணீரின் மேல் சின்ன ஃபேன் ஓடினால் இரண்டு டிகிரியாவது குறையும். ஆனால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, தினமும் வெறும் ஆர்.ஓ. தண்ணீர் விட்டு அந்தக் கோட்டுக்கு நிரப்பு.

பவளத்தில், கல் போன்ற எலும்பு இல்லாத மென் பவளம் போதும். மஷ்ரூம், லெதர், ஜீனியா எல்லாம் சுமாரான விளக்கிலேயே வளரும். இவையும் கடலில் பிடித்ததாக இல்லாமல் தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டாகப் பார்த்து வாங்கு. பாப்பாவுக்கு ஜீனியா பிடிக்கும், நாள் முழுக்க விரலை மடக்கி விரித்துக்கொண்டே இருக்கும். அந்த அசைவு சுற்றியிருக்கிற ஆக்சிஜனை விலக்கி, உள்ளே இருக்கும் பாசியின் ஒளிச்சேர்க்கையைக் கூட்டுகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். பவளத்தின் உறவான ஜோவாந்தஸ் அழகுதான், ஆனால் அதில் பாலிடாக்ஸின் என்ற கொடிய விஷம் இருக்கலாம். கையுறை இல்லாமல் தொடக்கூடாது, அது ஒட்டிய கல்லைக் கொதிக்க வைக்கவே கூடாது. குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது வேண்டாம் என்பேன்.

கோமாளி மீன் ஒரு ஜோடி வை, அதற்கு மேல் மீனே வேண்டாம். பண்ணையில் பொரித்ததா என்று கேட்டு வாங்கு. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இதை வளர்த்துக் காட்டியிருக்கிறது. பண்ணை மீன் முதல் நாளே தீவனம் எடுக்கும். சின்ன இரண்டாகப் பார்த்து விடு. எல்லாம் ஆணாகத்தான் பிறக்கும், இரண்டில் பலமானது பெண்ணாகிவிடும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது வருடம் இருக்கும். பாப்பா கல்லூரி முடித்த பிறகும் யார் தீவனம் போடுவது என்று இப்போதே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள், இதை மனதார எழுதுகிறேன். கடலில் கோமாளி மீன் குடியிருக்கிற அனிமோன் என்ற கடல் சாமந்தி இல்லாமலே அது சந்தோஷமாக இருக்கும், புதுத் தொட்டியில் அனிமோன் தாக்குப்பிடிக்காது.

ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கிவிடாதே, என்னிடம் கூடுதலாக ஒன்று இருக்கிறது, சரிபார்க்கும் திரவத்தோடு கூரியரில் அனுப்புகிறேன். உன் குழாய்த் தண்ணீர் டி.டி.எஸ். எவ்வளவு, ஆர்.ஓ.வில் எவ்வளவு என்று இரண்டையும் பார்த்து எழுது. அதைப் பார்த்துவிட்டு எந்த ரெசின் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் அறைத்தோழன்