ஜடேஜா போன பிறகு

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த அன்றைக்கே சுவரில் தொங்கிய காலண்டரில் ராகுகாலம் எத்தனை மணிக்கு என்று படித்துச் சொல்லிவிட்டார்கள். உன்னையும் விசாரித்தார்கள். கார்த்திகை பிறந்துவிட்டது, கண்மாய் இன்னும் பாதிதான் நிறைந்திருக்கிறது. மற்றபடி எல்லோரும் சுகம்.

ஜடேஜா விஷயத்தை நீ இரண்டே வரியில் முடித்துவிட்டாய். ராஜஸ்தான் அணியிலிருந்து சாம்சன் நம் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு வருகிறார், பதிலுக்கு ஜடேஜாவும் சாம் கரனும் அங்கே போகிறார்கள், இது யாவாரம்தானே என்று. யாவாரம்தான். இந்த வயதில் அவரை விட்டு வயதில் இளைய ஒரு மட்டையாளரை எடுப்பதில் அணிக்கு ஒரு கணக்கு இருக்கும். 2008இல் அவர் தொடங்கியதும் ராஜஸ்தானில்தான், அந்த வருடமே கோப்பையும் வாங்கினார்கள். ஆனாலும் சேதி வந்த நாளிலிருந்து எனக்குச் சென்னையும் குஜராத்தும் மோதிய 2023 ஐபிஎல் பைனல் ஞாபகமாகவே இருக்கிறது. நீ அன்றைக்கு அகமதாபாத் மோட்டேரா மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

மே 28 ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டியது, மழையில் ஒரு பந்துகூடப் போட முடியாமல் மறுநாளைக்குத் தள்ளிப் போனது. நம் ஊர்க்காரர்கள் மஞ்சள் சட்டையோடு அகமதாபாத் ஸ்டேஷனில் படுத்துக் கிடந்த படத்தைப் பார்த்து, நீ மணிநகர் வீட்டைத் திறந்துவிட்டு முன்பின் தெரியாத பையன்களுக்குச் சோறு போட்டாயே, அதை இங்கே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா!

திங்கள்கிழமை ஆட்டத்தில் எனக்கு முதலில் நிற்பது சாய் சுதர்சன்தான். சென்னைப் பையன், இருபத்தொரு வயது, குஜராத்துக்கு ஆடிச் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96. ஐபிஎல்லில் அவருக்கு அப்போது சம்பளம் 20 லட்சம். அந்த வருடம் தமிழ்நாட்டு லீக்கான டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை அணி 21.6 லட்சம் கொடுத்து எடுத்தது. உள்ளூர் லீக்கில் அதிகம், ஐபிஎல்லில் குறைவு! குஜராத்தின் கில் கொடுத்த கேட்சைத் தொடக்கத்திலேயே நம் சாஹர் விட்டார், கில் 20 பந்தில் 39 அடித்தார், பிறகு ஜடேஜா பந்தில் தோனி கண் இமைப்பதற்குள் ஸ்டம்பிங் செய்தார். அதற்கப்புறம் ஆட்டம் முழுக்க அந்தப் பையன் கையில். கடைசி ஓவரில் நம் பதிரனாவை அடுத்தடுத்து இரண்டு சிக்ஸர் அடித்து, அடுத்த பந்தில் எல்பிடபிள்யூ. நான்கு ரன்னில் சதம் போனது. குஜராத் 214. எதிரணிக்கு ஆடினால் என்ன, அன்றைக்கு அவர் அடித்த ஒவ்வொரு பவுண்டரிக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

சென்னை மூன்று பந்து ஆடியதும் மறுபடி மழை. மறுபடி ஆட்டம் தொடங்கும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது, 15 ஓவரில் 171 என்றார்கள். உன் ஆபீஸ்காரர்கள் இன்னும் மழைதான் சென்னைக்குக் கோப்பை கொடுத்தது என்கிறார்களாமே? கணக்கைப் பார்க்கச் சொல். 214 அடித்தவர்களுக்கு ஓவருக்கு 10.7. சென்னைக்குக் கேட்டது 11.4. ஓவர் குறைந்தாலும் விக்கெட் பத்தும் அப்படியே இருக்கிறதே என்பதால்தான் மழை ஆட்டத்துக்கு இலக்கு போடும் டக்வொர்த் லூயிஸ் முறை வேகத்தைக் கூட்டிக் கேட்கிறது. வெளிவட்டத்தில் இரண்டு பேர் மட்டுமே நிற்கலாம் என்ற பவர் ப்ளே ஆறு ஓவரிலிருந்து நான்காகச் சுருங்கியது. ஈரப்பந்தைப் பிடித்துப் போடுவது குஜராத்துக்குக் கஷ்டம்தான், ரஷீத் கான் மூன்று ஓவரில் 44 கொடுத்தார். ஆனால் அதே ஈரத்தில் அதே இரவில் நூர் அகமது மூன்று ஓவரில் 17 ரன்தான் கொடுத்து, ருதுராஜையும் கான்வேயையும் ஒரே ஓவரில் தூக்கினாரே. மழை இரண்டு பக்கமும்தான் பெய்தது.

கான்வே 25 பந்தில் 47, ரஹானே 13 பந்தில் 27. ராயுடுவுக்கு அதுதான் கடைசி ஐபிஎல் ஆட்டம் என்று முன்பே அறிவித்துவிட்டார். குஜராத்தின் மோகித் சர்மாவை 6, 4, 6 என்று அடித்துவிட்டு அவுட் ஆனார். அடுத்த பந்தில் தோனி, முதல் பந்திலேயே மில்லர் கையில் கேட்ச். டிவியில் சத்தமே அடங்கிப்போனது போல இருந்தது. நீ அங்கே எப்படி இருந்தது என்று இதுவரை சரியாகச் சொன்னதில்லை.

அப்போது உள்ளே வந்தது ஜடேஜா. மாப்ள, அந்த சீசன் முழுக்க சேப்பாக்கத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். அவர் ஆடப் போனாலே ‘சீக்கிரம் அவுட் ஆகு, தோனி வரட்டும்’ என்று நம் கூட்டமே கத்தியது. சொந்த மைதானத்தில், சொந்த அணிக்காரர் அவுட் ஆனதற்குக் கைதட்டல்! ஒரு ஆட்டம் முடிந்து மைக்கைக் கொடுத்தபோது, நான் முன்னதாக ஆட இறங்கினால் எப்போது அவுட் ஆவேன் என்று காத்திருப்பார்கள் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கவே முடியவில்லை. அதற்கு முந்தைய வருடம்தான் கேப்டன் பதவியைக் கொடுத்து, பாதியில் அவர் திருப்பிக் கொடுத்து, காயத்தோடு வெளியே போனார். தோனி மேல் நமக்கு உள்ள பிரியம் பெரியதுதான். அதற்காக இன்னொருவன் விழ வேண்டும் என்று வேண்டுவது பிரியமே இல்லை என்று அன்றும் இங்கே எல்லோரிடமும் சண்டை போட்டேன், இன்றும் போடுவேன்.

கடைசி ஓவரில் 13 ரன் தேவை. மோகித் சர்மா நான்கு பந்தில் மூன்று ரன்தான் கொடுத்தார், நான்கும் காலடியில் இறங்கிய யார்க்கர்கள். இந்த மனிதரையும் நினைக்க வேண்டும். 2014இல் நம் சென்னைக்கு ஆடி, அதிக விக்கெட்டுக்கான பர்ப்பிள் தொப்பி வாங்கியவர். பிறகு ஆளே காணாமல் போய், 2022இல் குஜராத்துக்கு நெட்ஸில் பந்து போடும் வேலைக்கு வந்தார். அடுத்த வருடம் 27 விக்கெட். இரண்டு பந்தில் பத்து ரன் தேவை என்ற இடம்வரை கோப்பை அவர் கையில்தான் இருந்தது. ஐந்தாவது பந்து யார்க்கராக இறங்காமல் ஒரு மயிரிழை முன்னால் விழுந்தது. ஜடேஜா நேராகத் தலைக்கு மேல் சிக்ஸர். ஆறாவது கால்பக்கம் வந்தது, மட்டையால் தட்டிவிட்டார், ஃபைன் லெக்கில் நான்கு. அன்றிரவு தூக்கமே வரவில்லை என்று மோகித் பிறகு ஒரு பேட்டியில் சொன்னார். படித்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. ஜெயித்த பக்கம் நின்றுகொண்டும் அவருக்காக வருந்த முடிகிறது.

ஜாம்நகர்க்காரர் குஜராத்தில் வைத்துச் சென்னைக்கு ஐந்தாவது கோப்பை வாங்கிக் கொடுத்தார். தோனி அவரைத் தூக்கினார். கோப்பையை வாங்கப் போகும்போது ராயுடுவையும் ஜடேஜாவையும் கூப்பிட்டு அவர்கள் கையில் கொடுக்க வைத்தார். யார் யாருக்கு மனதில் அடி பட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தோனியிடம் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அதுதான். ஜடேஜாவும் அந்த வெற்றியைத் தோனிக்கே கொடுப்பதாகச் சொன்னார்.

அதனால்தான் ‘யாவாரம்’ என்று நீ எழுதியது கொஞ்சம் உறுத்தியது. அணி என்ன செய்ய வேண்டுமோ செய்யட்டும். அடுத்த வருடம் அவர் வேறு நிறத்துச் சட்டையில் சேப்பாக்கத்துக்கு வந்தால், மைதானத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்ட வேண்டும். 2023இல் கத்தியவர்கள் இன்னும் பலமாகத் தட்ட வேண்டும். அந்த ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கப் பார்க்கிறேன். உனக்கும் சேர்த்து எடுக்கட்டுமா?

சாய் சுதர்சனைப் பார்த்தாயா? 2025 ஐபிஎல்லில் 759 ரன், அதிக ரன்னுக்கான ஆரஞ்சுத் தொப்பி, லீட்ஸில் டெஸ்ட் அறிமுகம். இங்கே என் மகன் அவரைப் போலவே இடதுகை ஆட வேண்டும் என்று வலதுகை மட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு திரிகிறான். அவன் விருப்பம், விட்டுவிட்டேன்.

பொங்கலுக்கு வருகிறாயா? நவஜீவன் ரயிலில் இப்போதே இடம் குறைந்துகொண்டு வரும், தள்ளிப் போடாதே. வரும்போது அம்மாவுக்கு அந்த மேத்தி தெப்லா கொஞ்சம் கொண்டுவா. போன தடவை கொடுத்ததை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் சேக்காளி,
விருதுநகர்