முட்டை ஓட்டை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் ஞாயிறு இணைப்பில், பூனைக்கு வீட்டிலேயே செய்யும் பச்சை இறைச்சி உணவு பற்றி ஒரு குறிப்பு வந்தது. எலும்பில்லாத கோழிக்கறி, கொஞ்சம் ஈரல், தினமும் ஒரு பச்சை மஞ்சள் கரு, வெள்ளைக் கரு வேண்டாம், அவ்வளவுதான். என் பேரன் அதை வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினான். நான்கு மாதக் குட்டியான எங்கள் பஞ்சுவுக்கு ஐந்து வாரம் அதையே கொடுத்தோம். ஆசையாகத் தின்றது, மயிர் பளபளத்தது. ஒருநாள் காலையில் திண்ணையிலிருந்து குதித்தது. ஒன்றரை அடி உயரம்தான் இருக்கும். பின்னங்கால் ஒடிந்துவிட்டது.

எக்ஸ்ரேயை மருத்துவர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தில் சதைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. "என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

நான் ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் 27 வருடம் வேலை பார்த்தவன். கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்தை அங்கே கருவுள்ள முட்டையில்தான் வளர்ப்பார்கள். இருட்டறையில் முட்டையை விளக்குக்கு நேரே பிடித்து, உள்ளே ரத்தக்குழாய் ஓடுகிறதா, கரு அசைகிறதா என்று பார்த்துப் பார்த்தே என் காலம் போயிற்று. அதனால் இதை உறுதியாகச் சொல்ல முடியும்: மஞ்சள் கருவை உண்டு வளரும் குஞ்சுக்கே அதிலுள்ள கால்சியம் போதாது. எலும்பு கட்ட வேண்டியதில் பெரும்பகுதியை அது ஓட்டிலிருந்துதான் உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஓட்டைத்தான் நாங்கள் தினமும் ரோஜாச் செடிக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

மஞ்சள் கருவைக் குறை சொல்லவில்லை. நல்ல கொழுப்பு, வைட்டமின் ஏ, பயோட்டின் என்ற இன்னொரு வைட்டமின் எல்லாம் அதில் உண்டு. பச்சை வெள்ளைக் கருவில் இருக்கும் அவிடின் என்ற புரதம் பயோட்டினைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் வெள்ளைக் கருவை ஒதுக்கச் சொன்னதும் சரி, வேகவைத்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மஞ்சள் கருவில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் ஏறக்குறைய மூன்று மடங்கு. எலும்பில்லாத கறியில் அந்த வித்தியாசம் இன்னும் பல மடங்கு. பூனைக்கு இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக வேண்டும். இல்லையென்றால் உடம்பு தன் எலும்பையே கரைத்து ரத்தத்துக்குக் கால்சியம் கொடுக்கும். வளரும் குட்டிக்கு இது சில வாரத்திலேயே தெரிந்துவிடும்.

எலும்பு சேர்க்காதவர்கள் முட்டை ஓட்டைக் கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்சியில் மாவாக அரைத்து, துணியில் சலித்துச் சேர்க்கலாம். அரைக் கிலோ கறிக்கு அரை டீஸ்பூன். அப்புறம் டாரின் என்ற சத்து. பூனையின் உடம்பு அதைப் போதுமான அளவு தயாரிக்காது. அது குறைந்தால் பார்வை போகும், இதயம் பெருத்துப் பலமிழக்கும். இதயத்துக்கு வரும் கேட்டை 1987-லேயே கலிபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் காட்டிவிட்டார்கள். மஞ்சள் கருவை நம்பி அதை ஈடுகட்ட முடியாது. கறிக்கடையில் கேட்டால் கோழியின் இதயத்தைத் தனியாக எடுத்துத் தருவார்கள், அதில் நிறைய உண்டு. மஞ்சள் கரு வாரத்துக்கு இரண்டு மூன்று போதும். ஒரு கருவே நான்கு கிலோ பூனையின் ஒருநாள் சாப்பாட்டில் கால் பங்குக்குச் சமம்.

இன்னொன்று. கத்திரி வெயிலில் நம் வேலூர்ப் பக்கம் கரண்டும் போய்விட்டால் பச்சைக் கறியும் பச்சை முட்டையும் எவ்வளவு நேரம் தாங்கும்? சால்மோனெல்லா கிருமி பூனையோடு நிற்காது, அந்தக் கிண்ணத்தைக் கழுவுகிற பிள்ளைக்கும் வரும். நாங்கள் இப்போது கருவை அவித்தே கொடுக்கிறோம். பஞ்சு அதையும் விடாமல் நக்கித் தின்கிறது.

குட்டிகளுக்காகக் கடையில் விற்கும் முழுமையான உணவை முக்கிய சாப்பாடாக வைத்து, ஆறு வாரம் கூண்டிலேயே அடைத்து வைத்தோம். இப்போது காலை ஊன்றி நடக்கிறது, லேசாகச் சாய்கிறது. அந்தக் குறிப்பைப் பார்த்து எத்தனை வீட்டில் குட்டிகளுக்கு இப்படிக் கொடுக்கிறார்களோ! ஆகவே அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ஓட்டுத்தூளையும் இதயத்தையும் சேர்த்துத் திருத்தம் போடுங்கள். குட்டி என்றால் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம் என்பதையும் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
வாலாஜாபேட்டை.